பத்து மைல் தண்ணி

இந்தச் சால்வை வேணுமாம்மா உனக்கு? எடுத்துக்கோ, எடுத்துக்கோ. புதுசுதான், மடிப்புக்கூடக் கலையல. உன் பிள்ளைக்குக் கீழ விரிச்சுப் போடு, தூங்கட்டும். ஈரம் பண்ணிட்டாலும் பரவாயில்ல. பண்ணினா எனக்குச் சந்தோசந்தான்.

கோவமா இருக்கீங்களான்னா கேக்க? கோவம்னா இந்நேரம் ஆறியிருக்கும்மா. இது அருவருப்பு. சாப்பிட்டு முடிக்கிற நேரத்துல சோத்துக்கு அடியில கரப்பான் கெடந்தா குடல் பெரட்டும் பாரு, அது. காலையில இருந்து அப்படித்தான் இருக்கு. இந்த ரயில்ல காத்தே இல்ல, அந்த ஜன்னலைக் கொஞ்சம் தூக்கி விடு.

ஒரு படத்திறப்புக்குப் போயிட்டு வாரேன். டாக்டர் நீலமேகம்னு எங்க ஆபீஸ் டைரக்டர். செத்துப் பல வருசம் ஆச்சு, இப்பம் அவருக்கு நூறாவது பிறந்தநாள் வருதாம், பெரிய படமா மாட்டி மாலை போட்டிருக்காங்க. நான் அவருகிட்ட வேலை பார்த்தவ. என் பேரு ஜெமிமா. எங்க அய்யா மிஷன் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு. நான் விலங்கியல் எம்.எஸ்சி. படிச்சேன். அந்தக் காலத்துல அதுவே பெரிய விசயம். புன்னைமுனைன்னு ஒரு கடற்கரை ஊரு, அங்கன மீன் ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு இருந்தது. ஐம்பத்தஞ்சுல சேர்ந்தேன். அங்க வேலைக்கு வந்த முதல் பொம்பளை நான்தான். அதைத்தான் இன்னைக்கு மேடையில ஆளாளுக்குச் சொன்னானுவ. முதல் பெண், முதல் பெண்ணுன்னு. என்னமோ அவனுவ பெத்துப் போட்ட மாதிரி.

முதல் பெண்ணுக்கு எங்க நாற்காலி போட்டாங்கன்னு எவனாவது சொன்னானா? ஆம்பளைங்க எல்லாரும் கடலைப் பாத்த பெரிய ஹால்ல. நான் அங்க உக்காந்தா அவங்க கவனம் சிதறுமாம். அதனால எனக்கு மீனையெல்லாம் மருந்துத் தண்ணியில ஊறப்போட்டு வச்சிருக்கிற பின்னறை. சுறாக்குட்டி ஒண்ணு ஜாடியில கண்ணை முழிச்சுக்கிட்டு என்னையே பாக்கும். அதுக்குப் பக்கத்துல உக்காந்துதான் மோர்ச்சோறு சாப்பிட்டேன். அந்த மருந்து வாடை கண்ணைக் கரிக்கும், சோத்துலயும் இறங்கும்.

அதையும் விடு. பொம்பளைக்குக் கக்கூஸ் கிடையாதும்மா. கட்டவே இல்ல. கேட்டா, ‘ஒரு ஆளுக்காக எப்படி மிஸ் ஜெமிமா மேலிடத்துக்கு எழுத முடியும்?’ம்பாரு டைரக்டரு. போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்கு நடந்து போகணும். நான் எந்திரிச்சுப் போனா ஹால்ல இருக்கிறவன் எல்லாம் வாட்சைப் பாப்பான். ஒருத்தனை ஒருத்தன் பாத்துச் சிரிப்பான். படிச்சவனுவ, எல்லாம் படிச்சவனுவ. அதுக்காகவே காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன். மூத்திரக் கடுப்பு வந்து வந்து, இப்பவும் எனக்கு அந்தத் தொந்தரவு உண்டு. மேடையில இதைப் பேச முடியுமா? முதல் பெண்ணுக்கு முதல் மூத்திரக் கடுப்புன்னு?

கல்யாணம் ஆனா வேலையை விட்டுரணும்னு ஆர்டர்லயே போட்டிருந்தான். நான் பண்ணிக்கல. அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் கிடையாது.

என் வேலை என்னன்னா, கடல் தண்ணியில கண்ணுக்குத் தெரியாத பொடி உயிருங்க மிதக்கும். அதைத் தின்னுதான் மீன் பிழைக்குது. அதை மைக்ராஸ்கோப்புல பாத்து, இன்ன வகை இன்ன இடத்துல இருக்குன்னு சொல்லணும். அதுக்குக் கடலுக்குள்ள போய்த் தண்ணி எடுக்கணுமா இல்லையா? ஆபீசுக்குன்னு ஒரு லாஞ்சு, மோட்டார் படகு, நின்னுச்சு. பொம்பளை அதுல ஏறக்கூடாதுன்னுட்டாரு டைரக்டரு.

‘ஏன் சார்?’ன்னு கேட்டேன்.

‘லாஞ்சு ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. பொம்பளை ஏறினா கடல் கோவிக்கும்னு நம்புறவங்க. நாம அவங்க நம்பிக்கையை மதிக்கணும் இல்லையா?’

நேரா லாஞ்சு ஓட்டுறவருகிட்ட போய்க் கேட்டேன். அவரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, ‘நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்? என் பெஞ்சாதியே வள்ளத்துல வருவாளே’ங்காரு. திரும்பி வந்து டைரக்டருகிட்ட சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துப்போச்சு. ‘லாஞ்சுல டாய்லெட் இல்ல, தெரியுமா உங்களுக்கு?’ன்னாரு. ‘இங்க மட்டும் இருக்கா சார்?’ன்னேன். அதுக்கு அப்புறம் ஒரு மாசம் என்கூடப் பேசல.

எனக்குத் தண்ணி எடுத்துட்டு வர குலசேகரன்னு ஒருத்தனைப் போட்டாங்க. எனக்கு அப்புறம் சேர்ந்தவன். ஆளு பாக்க மாப்பிள்ளை மாதிரி இருப்பான். வாரத்துக்கு ரெண்டு தடவை லாஞ்சுல போவான். ரெண்டு மைல், அஞ்சு மைல், பத்து மைல்னு லேபிள் ஒட்டின பாட்டிலைக் கொண்டுவந்து, என் மேசையில டொக்கு டொக்குன்னு வச்சுட்டு, ‘கடலுக்குள்ள என்ன வெயிலுங்க, நீங்க குடுத்து வச்சவங்க’ம்பான். நானும் அதை நம்பி ஒவ்வொரு சொட்டாப் பாத்து எழுதினேன்.

ஐம்பத்தேழு செப்டம்பர். அந்த வருசம் மீன் படல. வள்ளமெல்லாம் வெறுங்கையோட வருது. செத்த மீனு கரையில ஒதுங்குது, ஊரே நாறுது. ஆழக்கடல்ல தண்ணி நிறம் மாறிக் கெடக்குன்னு மீன்காரங்க சொல்லுதாங்க. என் பாட்டிலைப் பாத்தா ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு. ரெண்டு மைல் தண்ணியிலயும் அதே உயிரு, பத்து மைல் தண்ணியிலயும் அதே உயிரு. அதுவும் எப்படிப்பட்டது? ஆத்துத் தண்ணியும் உப்புத் தண்ணியும் கலக்கிற கழிமுகத்துல இருக்கிறது. பத்து மைலுக்கு அங்கிட்டு அதுக்கு என்ன சோலி? என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சேன். கண் டாக்டரைப் பாக்கக்கூடப் போனேன், தெரியுமா?

ஒருநாள் பத்து மைல் பாட்டில்ல செவப்பா ஒரு நார் தெரியுது. புது உயிரோன்னு எனக்குப் பதட்டம். பெரிசாக்கிப் பாக்கேன். வெத்தலை. மென்னு துப்பின வெத்தலை. அவன் எச்சிலைத்தாம்மா நான் ஒரு மணி நேரம் கண்ணு வலிக்க வலிக்கப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

பாட்டிலை எடுத்துட்டு நேரா ஹாலுக்குப் போனேன். ‘இது எங்க எடுத்த தண்ணி குலசேகரன்?’

அவன் கொஞ்சங்கூடக் கூச்சப்படல. சிரிக்கான். ‘விடுங்க ஜெமிமா. அலையில போனா எனக்கு வாந்தி வருது. ஆத்து வாயிலயே லாஞ்சைக் கட்டிப்போட்டு எடுத்துருவேன். தண்ணி தண்ணிதானே?’ன்னான். பக்கத்துல இருந்தவனெல்லாம் சிரிக்கான். எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்மா. லாஞ்சுல போயி, சீட்டு ஆடி, சமைச்சுத் தின்னுட்டு வந்திருக்கானுவ. எவனும் எனக்குச் சொல்லல.

டைரக்டருகிட்ட போனேன். அவரு பேனாவை மூடி வச்சுட்டு, ‘சின்னப் பசங்க, ஆம்பளைப் பசங்க, பெரிசு பண்ணாதீங்க’ன்னாரு. டெல்லியில இருந்து ஒரு அதிகாரி வாராராம், இந்த நேரத்துல நிலையத்துக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாதாம். எச்சில் துப்பினவன் சின்னப் பையன். அதைக் கண்டுபிடிச்சவ ஆபீசுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்கிறவ.

அந்தச் சனிக்கிழமை மிக்கேல் பர்னாந்து வள்ளத்துல ஏறினேன். அவரு வீடு என் வாடகை வீட்டுக்குப் பின்னாடி. அவரு பெஞ்சாதி சூசையம்மா எனக்கு நல்ல சிநேகம். படிச்ச பொம்பளைன்னா அவங்களுக்கு டீச்சரம்மாதான். மிக்கேல் கேட்டது ஒரே கேள்வி. ‘டீச்சரம்மா, நீச்சல் தெரியுமா?’ தெரியாதுன்னேன். ‘அப்பம் நடுவுல உக்காருங்க’ன்னாரு. அம்புட்டுதான். எந்தக் கடலும் கோவிக்கல. நானும் வாந்தி எடுத்தேம்மா, இல்லேன்னு சொல்லல. குடல் வெளிய வர்ற மாதிரி எடுத்தேன். எடுத்துக்கிட்டே பாட்டிலையும் நெறைச்சேன். ஆழக்கடல்ல தண்ணி துருப்பிடிச்ச நிறத்துல கெடக்கு. தகரத்தை ஊறவச்ச மாதிரி. கையை விட்டா வழுவழுன்னு ஒட்டுது.

கரைக்கு வந்து மைக்ராஸ்கோப்புல வச்சேன். அந்த உயிரை வெளிநாட்டுப் பத்திரிகையில படமாப் பாத்திருக்கேன். மீனைக் கொல்லும். அதைவிட மோசம் என்னன்னா, நீரோட்டம் அதைக் கரைக்குத் தள்ளினா, பாறையில ஒட்டிக்கிட்டு இருக்கிற சிப்பி அதைத் தின்னு தின்னு வெசத்தைச் சேத்து வச்சுக்கிடும். சிப்பிக்கு ஒண்ணும் ஆகாது. அதைத் தின்ன மனுசனுக்கு உதடு மரக்கும், நாக்கு மரக்கும், அப்புறம் மூச்சு நிக்கும். மருந்து கிடையாது. வேகவச்சாலும் போகாது. மீன் இல்லாத நேரத்துல அந்த ஊரு என்னத்தத் திங்கும்? சிப்பியைத்தான் திங்கும்.

திங்கட்கிழமை டைரக்டரு வந்து உக்காருறதுக்கு முன்னாடியே நான் அவரு ரூம்ல நிக்கேன். ‘சார், இன்னைக்கே கலெக்டருக்குச் சொல்லணும். சிப்பி எடுக்கக் கூடாதுன்னு தமுக்கு அடிக்கணும்.’

அவரு நிதானமா என்ன கேட்டாரு தெரியுமா? ‘யாரு அனுமதியில கடலுக்குப் போனீங்க?’

‘சார், ஜனங்க செத்துப் போவாங்க.’

‘நம்ம ஆபீஸ் தண்ணியில ஒண்ணும் இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. பத்து மைல் வரைக்கும் சுத்தம்னு உங்க கையெழுத்து இருக்கு. இப்பம் மீன்காரன் வள்ளத்துல போயி என்னத்தையோ அள்ளிட்டு வந்து பயங்காட்டுறீங்க. பொம்பளைங்க பதறுவீங்கன்னுதான் நான் லாஞ்சுல ஏத்துறதில்ல.’

கேட்டுக்கோம்மா. எச்சில் தண்ணியைப் பாத்து நான் போட்ட கையெழுத்து. அதை என் மூஞ்சியிலயே காட்டுதாரு.

நான் வீடு வீடாப் போனேன். சிப்பி திங்காதீங்க, திங்காதீங்கன்னு தொண்டை கட்டுற வரைக்கும் சொன்னேன். ஜனங்க நல்லாத்தான் கேட்டுக்கிட்டாங்க. டைரக்டரு என்ன பண்ணினாரு? மாதா கோயில் சாமியாருக்கு ஒரு காயிதம் எழுதி அனுப்பினாரு. கடல் சுத்தமா இருக்கு, விவரம் இல்லாத வதந்தியை நம்பாதீங்கன்னு. சாமியாரு பூசையில வாசிச்சுட்டாரு. அவரைச் சொல்லி என்ன? டாக்டரு பட்டம் போட்ட பெரிய மனுசன் எழுதியிருக்காரு.

சூசையம்மா எங்கிட்ட வந்து, ‘டீச்சரம்மா, பெரிய ஆபீசரே ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாரே’ன்னா. நான், ‘வேண்டாம் சூசை’ன்னேன். சரின்னுட்டுத்தான் போனா. மிக்கேல் அந்த வாரம் தூத்துக்குடிக்கு வேலை தேடிப் போயிட்டாரு. வீட்டுல ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்டுல சிப்பி அவிச்சிருக்காங்க. சூசை பிள்ளை போயிக் கேட்டிருக்கா. ஒரு கிண்ணம் குடுத்திருக்காங்க.

பிலோமினா. ஆறு வயசு. முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்தது. மத்தியானம் என் வீட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, ‘டீச்சரம்மா, உதட்டுல எறும்பு ஊருது, பாருங்க’ன்னு சிரிக்கா. எறும்பைத் தட்டுறா, தட்டுறா, எறும்பு இல்ல. எனக்குப் புரிஞ்சுபோச்சு. தூக்கிட்டு ஓடினேன், சூசையும் பின்னாலயே ஓடிவந்தா. லாஞ்சைக் கேட்டேன், ஆத்தைக் கடந்தா டவுன் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போயிரலாம்னு. குலசேகரன் லாஞ்சு மேல நின்னுக்கிட்டு, ‘சார் அனுமதி இல்லாம லேடீசை ஏத்த முடியாதுங்க’ன்னான். பிள்ளையை நீட்டுதேன். ‘நான் வரல, பிள்ளையைக் கொண்டுபோ, கூட சூசை வருவா’ங்கேன். ‘அவங்களும் லேடீசுதானே’ங்கான்.

மாட்டு வண்டியில போனோம். பாதி வழியில கழுத்து தொங்கிப்போச்சு. கடைசி வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு நெனவு இருந்ததும்மா. பேச முடியல, மூச்சு வரல, கண்ணு மட்டும் என்னையே பாக்குது.

இன்னும் ரெண்டு பேரு செத்தாங்க. டைரக்டரு ரிப்போர்ட்ல வாந்திபேதின்னு எழுதினாரு. மீன்காரங்களுக்குச் சுத்தம் போதாதுன்னும் சேத்து எழுதினாரு.

அப்புறம் டெல்லிக்காரரு வந்தாரு. நல்ல மனுசன். என் பின்னறைக்கு வந்து, சுறாக்குட்டிக்குப் பக்கத்துல நின்னே என் கண்ணாடித் தகட்டையெல்லாம் பாத்தாரு. ‘இது பெரிய கண்டுபிடிப்பு’ன்னாரு. அம்புட்டுதான், மறுநாளே எங்க டைரக்டருக்கு ஞானம் வந்துட்டு. ‘எங்க நிலையம் கண்டுபிடிச்சது’ங்காரு. கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில வந்தது. எழுதினவங்க யாரு? நீலமேகம், குலசேகரன். கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல, படங்களை வரைந்து உதவிய செல்வி ஜெமிமாவுக்கு நன்றி. வரைந்து உதவிய! அதைப் படிச்சப்பம் நான் மருந்து ஜாடி கழுவுற தொட்டியில வாந்தி எடுத்தேன். நெசமாவே எடுத்தேன்.

மறு வருசம் டெல்லிக்காரரு கண்டிச்சு எழுதின பிறகு என்னை லாஞ்சுல ஏத்தினாங்க. டைரக்டரு போட்டோக்காரனைக் கூட்டிட்டு வந்து, எனக்குக் கை குடுத்து ஏத்திவிடுற மாதிரி படம் எடுத்துக்கிட்டாரு. அந்தப் போட்டோவைத்தான் இன்னைக்கு ஹால் முழுக்க ஒட்டி வச்சிருந்தானுவ. அதுல நான் சிரிக்கேன்னு எல்லாரும் சொல்லுதாங்க. சிரிக்கலம்மா. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கேன்.

இன்னைக்கு மேடையில குலசேகரன் பேசுதான். தலை நரைச்சு, பட்டு ஜிப்பா போட்டு. அவனும் டைரக்டராகி ரிட்டையர் ஆனவன்தான். ‘பெண்களுக்குக் கடலைத் திறந்துவிட்ட பெருமகன்’ங்கான் அந்தப் படத்தைப் பாத்து. எனக்குச் சால்வையைப் போர்த்திவிட்டு, ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு மைக்கைக் குடுத்தான்.

நான் என்ன பேசணும்னு நேத்தே முடிவு பண்ணிட்டுத்தான் போனேன். மைக்கைப் பிடிச்சுச் சொன்னேன். ‘பிலோமினா. மிக்கேல் பர்னாந்து மக. ஆறு வயசு. இந்தப் படம் இருக்கிற இடத்துல அந்தப் பிள்ளை படந்தான் இருக்கணும்.’ மேல சொல்ல வந்தேன். மூச்சு வரல. அவ கண்ணு ஞாபகம் வந்துட்டு. அப்படியே நிக்கேன்.

கை தட்டினானுவ.

ஆமாம்மா, ஹாலே கை தட்டுச்சு. குலசேகரன் ஓடிவந்து என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, மைக்கை வாங்கி, ‘மீனவக் குழந்தைகள் மேல சார் வச்சிருந்த பாசத்தை நெனைச்சு அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க’ங்கான். மறுபடியும் தட்டுதானுவ. அவன் கை என் தோள்மேல இருக்கு. இன்னும் அந்த எடம் பிசுபிசுங்குது எனக்கு.

ஒருத்தி மட்டும் தட்டல. கடைசி வரிசையில கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. செண்பகவல்லி. நான் பின்னால நிலையத்துக்குப் பொறுப்பா வந்தப்பம் எனக்குக் கீழ வேலை பாத்தவ. கெட்டிக்காரி, இல்லேன்னு சொல்ல மாட்டேன். எழுபத்தஞ்சுல பெரிய கப்பல் ஒண்ணு ரெண்டு வாரம் ஆராய்ச்சிக்குப் போச்சு. நான் போறேன் மேடம், நான் போறேன்னு ஒத்தக்கால்ல நின்னா. அப்பத்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, வேலையை விடணுங்கிற அந்த ஆர்டரெல்லாம் அதுக்குள்ள போயிருந்தது. புதுசாத் தாலி ஏறினவளை ஆம்பளைங்களோட கப்பல்ல அனுப்பி, நாளைக்கு அவ வீட்டுல ஒரு பேச்சு வந்தா யாரு பதில் சொல்ல? அவ நல்லதுக்குத்தான் ஒரு பையனை அனுப்பினேன். அவன் கொண்டுவந்த தண்ணியை இவ பாத்தா. ரொம்ப நல்லாவே பாத்தா, அழகா வரைவா. நான் கட்டுரையை எழுதி, அவளுக்கு மறக்காம நன்றி போட்டேன். இனிஷியலோட போட்டேன். மறு மாசமே வேலையை விட்டுட்டு எங்கயோ பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா. காரணங்கூடச் சொல்லல.

கூட்டம் முடிஞ்சதும் அவகிட்ட போனேன். அந்த ஹால்ல எனக்கு ஆகக்கூடினவ அவ ஒருத்திதானே. ‘நல்லாருக்கியா செண்பகம்?’னேன். ‘இருக்கேன் மேடம்’னா. ‘அவனுவ என் பேச்சைத் திருப்பிப் போட்டப்பம் நீயாவது எந்திரிச்சு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? உனக்குத்தான் கடல் வேலையில என்ன நடக்கும்னு தெரியுமே’ன்னேன்.

அவ கைப்பையை எடுத்துத் தோள்ல மாட்டினா. ‘எனக்கு எப்படி மேடம் தெரியும்? நான்தான் கடலுக்கே போனதில்லையே’ன்னா. சொல்லிட்டு விறுவிறுன்னு வெளிய போயிட்டா.

நான் கேட்டது என்ன, அவ சொல்லுதது என்ன? ஒரு பொம்பளைக்கு இன்னொரு பொம்பளை ஆதரவா நிக்காததுனாலதாம்மா இந்த ஆம்பளைங்க இப்படி ஆடுதானுவ. இவளுக்குப் போய் நான் நன்றி எழுதினேன் பாரு.